நாற்பது இருக்கைகளுக்கான உரிமம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். மனிதன் காகிதத்தில் போட்டால் ஆயுசு போதாத கணக்குகளைச் சில மணி நேரத்தில் போட்டுத் தரும் மென்பொருள் அது. திருட்டுத்தனமாக எடுத்ததில்லை, முறைப்படி உரிமம் வாங்கியது. வாங்கி ஏழு வருடமாக அதை யாரும் பயன்படுத்தியதில்லை என்பது ஒன்றுதான் குறை. அதுவும் குறையில்லை, சாதனை என்று பிற்பாடு எனக்கு விளக்கினார்கள்.

நான் அங்கே ஏழாம் வருட ஆய்வு மாணவி. தானியக் கிடங்கில் குவித்து வைத்த தானியத்துக்குள் சூடு எப்படிப் பரவுகிறது, எந்த மூலையில் முதலில் அழுக ஆரம்பிக்கும் என்பது என் ஆராய்ச்சி. கணவரும் ஆறு வயது மகளும் ஒரு பகல் பயணத் தொலைவில் வேறு ஊரில் இருக்கிறார்கள். நான்கு வருடமாக ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அந்த ஊர்க் கல்லூரி ஒன்று எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ரசீதோடு போக வேண்டும். பல்கலைக்கழக விதிப்படி ஏழு வருடம் முடிந்தால் ஆய்வு மாணவர் பதிவு காலாவதி. என் ஏழு வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அதற்கு ஒன்பது வேலை நாள் முன்பாகவே, பைண்டு செய்த ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆய்வேடுப் பிரிவின் ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"அட்டவணை அஞ்சு புள்ளி மூணு. இந்தக் கணக்கை எதுல போட்டீங்க?"

"இலவசமா கிடைக்குற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு மேடம், அதுலதான்."

"இலவசமா?" அவர் ஆய்வேட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "நாம லைசென்ஸ் வாங்கி வச்சிருக்கோம்ல? அதுல போட்ட கணக்குதான் கணக்கு. போன மாசமே சுற்றறிக்கை வந்தாச்சு. அதுல ஒருதரம் போட்டு, சான்று எண் வாங்கிட்டு வாங்க. வாங்கிக்கிறேன்."

நாலு மணி நேரம் ஓட வேண்டிய கணக்கு. கையில் ஒன்பது நாள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன் என்றால் பாருங்கள், எவ்வளவு வெகுளியாக இருந்திருக்கிறேன்.

உரிமப் பிரிவு நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. அதன் கண்காணிப்பாளர் சட்டைப் பையில் நான்கு நிறப் பேனா வைத்திருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். கடைசி வரை கேட்டுக்கொண்டு, "இருக்கை இருக்கா?" என்றார்.

உட்காரத்தான் சொல்கிறார் என்று எண்ணிப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்தேன்.

"தொடாதீங்க! அது லைசென்ஸ்!"

நாற்காலியின் முதுகில் பித்தளைத் தகடு அடித்திருந்தது. இருக்கை எண் இரண்டு. அவர் உட்கார்ந்திருந்தது ஒன்று. என்னை நிற்க வைத்தே முழு வரலாற்றையும் சொன்னார்.

மென்பொருள் வாங்கியபோது ஒப்பந்தத்தில், ஒரே நேரத்தில் நாற்பது பேர் அதைப் பயன்படுத்தலாம் என்பதை அந்தத் தொழில்காரர்கள் தங்கள் பாஷையில் 'நாற்பது சீட்' என்று எழுதியிருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புக் குழு மூன்று அமர்வு உட்கார்ந்து, அதை 'நாற்பது இருக்கைகளுக்கான உரிமம்' என்று தமிழாக்கியது. கோப்பு பண்டகசாலைக்குப் போனது. பண்டகசாலையில் ஒரு குறுந்தகடு வந்து சேர்ந்திருந்தது, இருக்கை ஒன்றுகூட வரவில்லை. உடனே காட்டமாக ஒரு கடிதம் எழுதினார்கள்: மென்பொருள் கிடைத்தது, அதனுடன் தர வேண்டிய நாற்பது இருக்கைகள் எங்கே? விற்ற கம்பெனி ஆறு மாதம் யோசித்தும் பதில் சொல்ல முடியாமல் விட்டுவிட்டது. பல்கலைக்கழகம் மனம் தளரவில்லை. தானே நாற்பது நாற்காலிகளை வாங்கி, தகடு அடித்து, பதிவேட்டில் ஏற்றியது. அன்று முதல் தகடு அடித்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே உரிமம் உள்ளவர்.

"ஏழு வருஷத்துல ஒரு தடவைகூட இந்த சாஃப்ட்வேரை யாரும் தப்பா பயன்படுத்தினது இல்லம்மா" என்றார் கண்காணிப்பாளர், குரல் தழுதழுக்க. "மத்த இடத்துல எல்லாம் போய்ப் பாருங்க. கண்டவன் திறக்குறான், கண்டவன் கணக்குப் போடுறான். இங்க அந்தப் பேச்சே கிடையாது. இன்னும் பிரிக்காத மாதிரி வச்சிருக்கோம்."

"ரெண்டாம் நம்பர் சும்மாதானே இருக்கு சார்? நாலு மணி நேரம் குடுத்தா போதும்."

"அது மாதிரிக்கு வச்சிருக்கு. குழு ஏதாவது வந்து இருக்கைன்னா எப்படி இருக்கும்னு கேட்டா நான் எதைக் காட்டுறது?" படிவம் ஒன்றை நீட்டினார். "எடை என்ன?"

"எதோட எடை?"

"உங்க எடைதான். நாற்காலி தொண்ணூறு கிலோ தாங்கும். அப்புறம், நாலு மணி நேரம் தொடர்ந்து உக்கார முடியும்னு நம்ம மருத்துவ நிலையத்துல உடல்தகுதிச் சான்று. நீங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டா லைசென்ஸ் அந்தரத்துல நிக்கும்."

மருத்துவ நிலைய டாக்டர் நல்ல மனிதர், நேர்மையானவரும்கூட. நான்கு மணி நேரம் உட்கார்வதைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். அவர் வருவதோ தினம் இரண்டு மணி நேரம். ஆக, இரண்டு நாள் அவரெதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல்காரர்கள் வந்து போனார்கள். ஒருவர் என்னைக் காட்டி, "இவங்களுக்கு என்ன டாக்டர்?" என்று கேட்டார். "உக்காருறாங்க" என்றார் டாக்டர்.

தினமும் சாயங்காலம் மகள் போனில் கேட்பாள், "உனக்கு இடம் கிடைச்சுதாம்மா?" அவளுக்குப் புரிய வேண்டுமே என்று, அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன். கணவர் போனை வாங்கி, "அந்தக் காலேஜ்ல இன்னிக்கும் கேட்டாங்க. ரசீது வந்துடும்ல?" என்பார். "வந்துடும்ங்க" என்பேன்.

நான்காம் நாள் சான்றோடு பண்டகசாலைக்குப் போனேன். அதன் அலுவலர் பதிவேட்டைப் பிரித்து விரலால் கோடு இழுத்தபடியே வாசித்தார். பதிவாளரின் கூட்ட அறையில் பதினான்கு. மெத்தை நன்றாக இருக்கிறதாம். விருந்தினர் மாளிகையில் பதினொன்று. கால் உடைந்து பழுதுபார்ப்புக்குக் காத்திருப்பவை ஏழு. உரிமப் பாதுகாப்புக் குழுவில் ஐந்து. உரிமம் பெற்ற இருக்கைகளை யாரும் தவறாகப் பயன்படுத்தாமல் காப்பது எப்படி என்று அந்தக் குழு அந்த இருக்கைகளில் உட்கார்ந்துதான் ஆலோசிக்கிறது. கண்காணிப்பாளரிடம் இரண்டு. ஆக முப்பத்தொன்பது.

"நாப்பதாவது?"

"ஒதுக்கீடு ஆயிடுச்சு. வராந்தாவுல இருக்கார், பார்த்துக்குங்க."

கணிப்பொறி அறைக்கு வெளியே வராந்தாவில் இருக்கை எண் ஆறில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கணிதத் துறை ஆய்வாளர். எல்லோரும் அவரை ஆறாம் நம்பர் என்றே கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார்.

"பதினாறு மாசம் ஆச்சு நாற்காலி கிடைச்சு" என்றார். "பாஸ்வேர்டு தினமும் அனுப்புறாங்க. ஆபீஸ் தபால்ல வர ஒரு நாள் ஆகுது. அது செல்லுறதும் ஒரு நாள்தான். தினமும் நேத்தைய பாஸ்வேர்டு வந்துடுது, தப்பே சொல்ல முடியாது."

"நேர்ல போய் வாங்கிக்கலாமே?"

"எந்திரிச்சா ஒதுக்கீடு ரத்து. ஆபீஸ் நேரம் பூரா உக்காந்திருக்கணும். கல்யாணத்தையே இந்த வராந்தாவுலதான் வச்சுக்கிட்டோம். அவ நின்னுக்கிட்டா, நான் உக்காந்துக்கிட்டேன்."

அவர் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விடுதி அறைக்குப் போய் நினைத்துப் பார்த்தபோது அழுகைதான் வந்தது. அந்த ஆள் நன்றாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை உடுத்தி வந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு நாளும் இன்றைக்குத்தான் என்று நினைத்துக் கிளம்பினால்தான் அப்படி உடுத்த முடியும்.

என் ஆய்வு நெறியாளரிடம் ஓடினேன். முப்பது வருடப் பேராசிரியர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார், எந்த அறைக்குள்ளும் உடன் வர மாட்டார். "இலவச சாஃப்ட்வேர்ல வந்த விடையும் இதுல வரப்போற விடையும் ஒண்ணுதானே சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

"ஒண்ணுதான்மா. தசமத்துல நாலாவது இடம் வரைக்கும் ஒண்ணுதான். அதை நான் சொன்னா, அப்ப இதை எதுக்கு வாங்கினீங்கன்னு ஒரு கேள்வி வரும் பாரு. நீ பதிவாளரைப் போய்ப் பாரு."

பதிவாளரைப் பார்க்க மூன்று நாள் காத்திருந்தேன். அவர் அறைக்கு வெளியே பெஞ்சு கிடையாது. பெஞ்சு போட்டால் ஆட்கள் உட்கார்ந்துவிடுகிறார்களாம். எட்டாம் நாள் பிற்பகல் உள்ளே விட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. உள்ளதை உள்ளபடி கேட்டுவிட்டேன்.

"சார், மன்னிச்சுக்குங்க. ஒப்பந்தத்துல சொன்ன இருக்கை நாற்காலியே இல்ல. நாப்பது பேர் ஒரே நேரத்துல பயன்படுத்தலாம்னுதான் அர்த்தம். நின்னுக்கிட்டே கூடப் பண்ணலாம்."

பதிவாளர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? நாற்காலி வாங்கின முதல் மாசமே தெரியும். நான் என்ன படிக்காதவனா? ஆனா நாப்பது நாற்காலியும் பதிவேட்டுல ஏறிடுச்சு. இறக்கணும்னா, ஏத்தினது தப்புன்னு எழுதணும். ஏத்தினவர் பேரை எழுதணும். அப்போ பண்டகசாலையில இருந்தது யாரு? நான். மொழிபெயர்ப்புக் குழுவுல இருந்தவர் இப்போ துணைவேந்தர். சொல்லுங்க, ஒரு அர்த்தம் பெரிசா, ரெண்டு பேரோட சர்வீஸ் பெரிசா?"

"எனக்கு நாளைக்கு அஞ்சு மணியோட எல்லாம் முடிஞ்சுடும் சார்." இந்த இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "என் பொண்ணு ரெண்டு வயசுல இருந்து அப்பாகிட்ட வளருது சார். நான் போய் ஒரு வாரம் இருந்தா, எப்போ ஊருக்குப் போவேன்னு என்னையே கேக்குது."

பதிவாளர் இளகினார். அதையும் சொல்ல வேண்டும். கூட்ட அறையிலிருந்து இருக்கை எண் பதினேழை மறுநாள் ஒரு நாளைக்கு எனக்கு ஒதுக்கி, அன்றைய கடவுச்சொல்லை ஆள் மூலம் கையில் கொடுக்கும்படி ஆணை எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடியவர், "நிறுவனம்னா கல் மனசுன்னு வெளியில பேசுறாங்க" என்று பெருமூச்சு விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கே கணிப்பொறி அறை வாசலில் நின்றேன். பன்னிரண்டு மணிக்குள் தொடங்கினாலும் நாலுக்கு முடிந்துவிடும், ஒரு மணி நேரம் மிச்சம். நாற்காலி பத்து மணிக்குக் கூட்ட அறையிலிருந்து புறப்பட்டது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, கட்டட வாசல் காவலாளி வெளியேற்றச் சீட்டு கேட்டு மடக்கிவிட்டார். சீட்டுக்குப் பண்டகசாலை அலுவலர் கையெழுத்து வேண்டும். அவர் இருக்கைகளை எண்ணிச் சரிபார்க்க விருந்தினர் மாளிகைக்குப் போயிருந்தார். ஓடினேன். அவர் வேறு வழியில் திரும்பியிருந்தார். மறுபடி ஓடினேன். கையெழுத்து கிடைத்தபோது சாப்பாட்டு இடைவேளை. தூக்குகிறவர்கள் நாற்காலியை வெயிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நானே தூக்கிக்கொள்கிறேன் என்றேன். உரிமத்தை மாணவர்கள் கையால் தூக்கக் கூடாதாம்.

ஒன்று பத்துக்கு நான் உட்கார்ந்தேன். கண்காணிப்பாளர் பதிவேட்டில் அமர்ந்த நேரம் என்ற கட்டத்தில் பச்சைப் பேனாவால் எழுதினார். மென்பொருள் திறந்தது. உண்மையாகவே திறந்தது! கண்காணிப்பாளர்கூட எட்டிப் பார்த்து, "ஓ, உள்ள இப்படித்தான் இருக்குமா?" என்றார். கணக்கை ஓடவிட்டேன். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு அங்குலம் அங்குலமாக வளர ஆரம்பித்தது.

நான்கு மணி நேரம் என்றால் ஐந்து பத்து. அது எனக்குத் தெரியாமலா இருக்கும்? மூன்று மணிக்கு ஐம்பதை எட்டவில்லை. நாலரைக்கு எண்பத்து மூன்று. எந்தக் கடவுளையும் விட்டு வைக்கவில்லை, பச்சைக் கோட்டையே கும்பிட்டேன். ஆய்வேடுப் பிரிவு அம்மாளுக்குப் போன் செய்து பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைக்க முடியுமா என்று கெஞ்சினேன். "ஜன்னல் திறந்துதான் இருக்கும்மா, காத்துக்கு. நான்தான் இருக்க மாட்டேன்" என்றார்.

ஐந்து மணி அடித்தபோது தொண்ணூற்றாறு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. திரை வெளுத்து, அதில் ஒரே வரி வந்து நின்றது: தங்கள் மாணவர் பதிவு காலாவதியாகிவிட்டது, இதுவரை பயன்படுத்தியமைக்கு நன்றி.

"ஆச்சு, எந்திரிங்கம்மா" என்றார் கண்காணிப்பாளர். "எழுந்த நேரம் எழுதிட்டா பதிவேட்டை மூடிடலாம்."

நான் எழுந்திருக்கவில்லை. திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை; கால் வரவில்லை.

"இப்படித்தான்மா, இடம் குடுத்தா மடத்தைப் புடுங்குறது" என்று அவர் சத்தம் போட்டார். அப்புறம் கெஞ்சினார். அப்புறம் யோசிக்க ஆரம்பித்தார், அதுதான் அவரை ஆட்டிவிட்டது. "மாணவியா இருந்தா ஒழுங்கு நடவடிக்கைக்கு எழுதிடுவேன். அஞ்சு மணிக்கு மேல நீங்க மாணவி இல்ல. வெளியாளுன்னு செக்யூரிட்டியைக் கூப்பிடலாம்னா, வெளியாளுக்கு லைசென்ஸ் எப்படிக் குடுத்தேன்னு என்னைக் கேப்பாங்க. ஏழு வருஷம் ஒரு கறை இல்லாம வச்சிருந்தேனேம்மா!"

அவர் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை.

ஐந்தரைக்குப் பதிவாளர் வந்தார், கூடவே பண்டகசாலை அலுவலரும் வந்தார். மூவரும் மூலையில் நின்று பேசினார்கள். தீர்வு பதிவாளருக்குத்தான் உதித்தது. சும்மாவா அந்தப் பதவிக்கு வந்திருக்கிறார். பழுதான பொருளைப் பதிவேட்டிலிருந்து கழிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அங்கேயே நின்று எழுதினார்கள்: இருக்கை எண் பதினேழு, பயன்பாட்டுக்குத் தகுதியற்றது, கழிக்கப்படுகிறது. காரணம் என்ற கட்டத்தில் பண்டகசாலை அலுவலர் சற்றுத் தயங்கி, 'ஆள் ஒட்டிக்கொண்டுள்ளது' என்று நிரப்பினார். தகட்டைத் திருகித் திருகிக் கழற்றினார்கள். பிறகு நான்கு பேர் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள்.

பத்திரமாகத்தான் தூக்கினார்கள், ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. வராந்தாவைக் கடக்கும்போது, ஆபீஸ் நேரம் முடிந்தும் எழுந்திருக்காத ஆறாம் நம்பர் என்னை அண்ணாந்து பார்த்தார். "அக்கா, இன்னிக்குப் பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து உள்ளே ஓடவில்லை. அதைக் கையில் எழுதி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கட்டடத்தின் பின்னால் உடைந்த மேசைகளும் இறக்கை இல்லாத மின்விசிறிகளும் கிடக்கும் முற்றத்தில் என்னை இறக்கி வைத்தார்கள். பண்டகசாலை அலுவலர் எண்ணிப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போனார். போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டேன்.

"கிடைக்கலங்க" என்றேன்.

அவர் திட்டியிருக்கலாம். "பரவாயில்ல, நீ கிளம்பி வா" என்றார். "அந்தக் காலேஜ் இல்லன்னா போகுது, வேற ஏதாவது பாத்துக்கலாம். முதல்ல வீட்டுக்கு வா. குட்டி உன் அலமாரியைத் துடைச்சு வச்சிருக்கா."

எழுந்திருக்கத்தான் போனேன். அந்த நேரம் பார்த்து நெறியாளர் மேசைகளைத் தாண்டித் தாண்டி மூச்சிரைக்க வந்தார். நான் அறிந்து ஏழு வருடத்தில் எனக்காக அவர் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"நானே பதிவாளர்கிட்டப் பேசிட்டேன்மா! பதிவு காலாவதி ஆயிடுச்சுன்னா நீ இப்போ புது ஆளு. திங்கக்கிழமையே என் கீழ மறுபடியும் பதிவு பண்ணிக்கலாம். முழுசா ஏழு வருஷம் கிடைக்கும். ஆய்வேடு ரெடி. நாற்காலிக்கு மட்டும் இந்தத் தடவை முதல் நாளே எழுதிப் போட்டுடலாம்."

ஏழு வருடம். மகளுக்குப் பதிமூன்று ஆகிவிடும். அந்த மனிதரை அறைய வேண்டும் போலிருந்தது. ஆய்வேட்டை அவர் தலையில் போட வேண்டும், உரக்கக் கத்த வேண்டும், இந்த முற்றத்தில் கிடப்பதையெல்லாம் எடுத்து அந்தக் கட்டடத்தின் ஜன்னல்கள் மீது எறிய வேண்டும் என்றெல்லாம் நிஜமாகவே இருந்தது. வாயைத் திறந்தேன்.

"விண்ணப்பம் எந்த ஜன்னல்ல சார் குடுக்குறாங்க?"

போன் காதிலேயே இருந்தது. மறுமுனையில் இருந்த கணவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். போனை வைத்துவிட்டார்.